அடைபடும் முன் அளக்கணும்: ஒன்றியப் பள்ளியில் இரண்டு வகுப்பறை எழும்பிய விதம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்பறைக் கட்டடம் ஒன்று முடிந்து, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். நான் டிப்ளமோ சிவில் படித்தவன், தனியார் கட்டுமானங்களில் சைட் சூப்பர்வைசர் வேலை. என் மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பக்கத்து உறுப்பினர் ஆனேன். அரசுப் பணத்தில் ஒரு பள்ளிக் கட்டடம் எப்படி வாங்கப்படுகிறது, எப்படிக் கட்டப்படுகிறது, அதில் எங்களைப் போன்றவர்கள் கை வைக்க முடிந்த இடங்கள் எவை என்பதை எழுதி வைக்கிறேன். பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் பழைய கட்டடம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் போனது. இடிப்பதற்கு ஜேசிபி சீக்கிரமே வந்துவிட்டது. கட்டுவதற்குத்தான் காத்திருந்தோம். அதுவரை ஐந்து வகுப்பும் மிச்சமிருந்த ஒரு கட்டடத்திலும் சமுதாயக் கூடத்திலும் நடந்தது. சமுதாயக் கூடத்தில் கல்யாணம் என்றால் மூன்றாம் வகுப்புக்கு வேப்பமரம்.

அப்புறம்தான் ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டத்தில் இரண்டு வகுப்பறைக்கு நிர்வாக ஒப்புதல் வந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்துவது கல்வித் துறை, கட்டடம் கட்டுவது ஒன்றிய அலுவலகம். தலைமை ஆசிரியைக்குக் கட்டட வேலையில் எந்தக் கையெழுத்தும் கிடையாது. டெண்டர், ஒப்பந்தம், பில் எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் முடிந்துவிடும். பள்ளிக்குச் சாவி மட்டும் வரும். இந்தப் பிரிவினையால்தான் பல ஊர்களில் வாத்தியார்கள் "அது ஒன்றியத்து வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டால் அடுத்த மாதம் வேறு காரணத்துக்காக அதே அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.

மேலாண்மைக் குழுவின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இந்தக் குழுவை அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டையும் வரும் நிதி செலவாகும் விதத்தையும் கண்காணிப்பது குழுவின் வேலை என்று சட்டத்திலேயே இருக்கிறது. பில்லை நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உண்டு. எங்கள் தலைவி பீடிக் கட்டு வாங்கிக் கொடுக்கும் வேலை செய்பவர், கணக்கில் புலி. அவர்தான் முதல் கூட்டத்திலேயே, "எஸ்டிமேட் நகலைக் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்க, வாய்ல கேட்டா தரமாட்டாங்க" என்றார். போட்டோம். கடிதம் போன பிறகு, வேலையை மேற்பார்வை பார்க்கும் ஒன்றிய ஓவர்சியரே ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும்கூட உரிமை கொடுக்கிறது. சிமெண்டும் மணலும்கூட "தகவல்" என்பது பலருக்குத் தெரியாது.

எஸ்டிமேட் என்றால் மிரள வேண்டாம். அதில் மூன்று பகுதி. எந்த வேலை எத்தனை கன மீட்டர், எத்தனை சதுர மீட்டர் என்கிற அளவு விவரம் ஒன்று. ஒரு அலகுக்கு என்ன விலை என்று பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்துப் போட்ட கணக்கு இன்னொன்று. இரண்டையும் பெருக்கிக் கூட்டிய சுருக்கம் மூன்றாவது. எல்லோரும் கடைசித் தாளைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் மொத்த லட்சம் அதில் இருக்கும். எனக்கு வேண்டியது முதல் பகுதி. அதில் அடித்தளக் குழியின் ஆழம், தளத்தின் கனம், கம்பியின் எடை, மாடியில் ஒழுகாமல் இருக்கப் பதிக்கும் தட்டோட்டுக்குக் கீழே போடும் கலவையின் கனம் ஆகிய நான்கையும் சிவப்புப் பேனாவால் சுற்றி வைத்தேன். நான்குமே வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பெயிண்ட் சரியில்லை என்றால் பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். ஃபுட்டிங்கை, அதாவது அடித்தளத்தை, மண் மூடிவிட்டால் கடவுள்தான் பார்க்க வேண்டும்.

குழி தோண்டியபோதே முதல் சிக்கல் வந்தது. எஸ்டிமேட் ஒரு மாதிரி வரைபடத்துக்குப் போட்டது. மாவட்டம் முழுக்க அதே கட்டடம், அதே ஆழம். எங்கள் ஊர் மண்ணோ கரிசல். கோடையில் கை போகிற அளவு வெடிக்கும், மழை பெய்தால் ஊதும். வரைபடத்தில் சொன்ன ஒன்றரை மீட்டரில் நின்று கடப்பாறையைப் போட்டால் இன்னும் கறுப்பு மண்தான் வருகிறது. ஊர்க்கிணறு வெட்டிய பெரியவர்களைக் கேட்டால், எட்டு அடிக்கு மேல் போனால்தான் கெட்டியான சுக்கான் பாறை தட்டும் என்றார்கள். மேஸ்திரிக்கும் தெரியும். ஆனால் கூடுதலாகத் தோண்டினால் அவருக்குப் பணம் வராது. "அண்ணாச்சி, எஸ்டிமேட்ல இருக்கிறதத்தான் நான் செய்ய முடியும். மிச்சத்துக்கு யார் குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி.

தனியார் வேலையில் வீட்டுக்காரரைப் பார்த்து இருபதாயிரம் கூடுதல் என்றால் முடிந்தது. அரசு வேலையில் ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட்டைத் தாண்டிய ஒவ்வொரு கன மீட்டருக்கும் மேலே ஒரு காகிதம் போய்த் திரும்ப வேண்டும். அதனால்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை மீட்டரிலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடும், "கரிசல் மண் அப்படித்தான்" என்று பேசிக்கொள்வார்கள். நாங்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மூலைக் குழியை மட்டும் சுக்கான் வரை தோண்டவைத்து, டேப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, தீர்மானத்தோடு உதவிப் பொறியாளருக்கு அனுப்பினோம். அவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். எஸ்டிமேட்டில் அஸ்திவாரத்துக்குள் கிராவல் நிரப்ப ஒரு பெரிய அளவு இருந்தது. எங்கள் இடம் ஏற்கெனவே பழைய கட்டட மேடு, அத்தனை கிராவல் தேவைப்படாது. அந்த மிச்சத்தைக் குழி ஆழத்துக்கு மாற்றி, அளவு மாறியதைக் காட்டும் விலகல் அறிக்கை ஒன்று தயார் செய்து ஒப்புதல் வாங்கினார். மொத்தத் தொகை ஏறக்குறைய அப்படியே நின்றது. எங்களிடம் எஸ்டிமேட் நகல் இல்லாமல் இருந்திருந்தால் "கிராவலில் மிச்சம் இருக்கிறதே" என்று பேசியே இருக்க முடியாது.

இனி டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கு 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போட குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. இணையத்தில் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் யார் வேண்டுமானாலும் அறிவிப்பைப் பார்க்கலாம். எங்கள் வேலையை ஒருவர் எஸ்டிமேட்டுக்குச் சில சதவீதம் பிலோ, அதாவது குறைவாக, போட்டு எடுத்தார். அவரை சைட்டில் நான் பார்த்தது பூமி பூஜை அன்று மட்டும்தான். வேலையைச் செய்தவர் அவரிடம் சதுர அடிக் கணக்கில் கூலிக்கு எடுத்த மேஸ்திரி. சட்டம் பார்ப்பது ஒப்பந்ததாரரின் பதிவையும் முன்வைப்புத் தொகையையும். கட்டடம் பார்ப்பது மேஸ்திரியின் கையை. இந்த இடைவெளியை எந்த ஆன்லைன் டெண்டரும் அடைக்கவில்லை.

குறைந்த விலைக்கு எடுத்தால் திருடத்தான் செய்வார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல் அரசுக்குச் செய்யும் கட்டுமான ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு 12. பில் வரும்போது ஒப்பந்ததாரர் தனிநபர் என்றால் வருமான வரி 1 சதவீதம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், அப்புறம் உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் தொகை. வரியில் சிலது கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பி வரலாம், ஆனால் அன்றைய கூலிக்கு அது உதவாது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு தாமதம். தரைமட்டம் வரை ஒப்பந்ததாரர் கைக்காசைப் போட்டார். முடிந்த வேலைக்குப் பார்ட் பில் எழுதிய பிறகும் நிதி வரவில்லை. ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் வேலை நின்றது. கொத்தனார்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். கம்பிக்காரர் கடனுக்குத் தர மறுத்தார். வட்டிக்கு வாங்கி ஓட்டுபவர் அந்த வட்டியை எங்கே எடுப்பார்? கம்பியிலும் சிமெண்டிலும்தான். ஒழுங்காக வேலை வாங்க வேண்டும் என்றால் பில்லை ஒழுங்காகக் கொடுப்பதும் அதே அளவு முக்கியம் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் "நீ காண்ட்ராக்டர் ஆளா" என்பார்கள். பரவாயில்லை.

அந்த நிறுத்தத்துக்குப் பிறகு வந்த கம்பி லோடில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சாயமும் கம்பி மேல் இருக்கும் வரிகளும் வேறாக இருந்தன. கம்பியைச் சோதிக்க லேப் எல்லாம் வேண்டாம், மளிகைக்கடைத் தராசு போதும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வரும். 8 மி.மீ. கம்பி 395 கிராம், 10 மி.மீ. 617 கிராம், 12 மி.மீ. 888 கிராம். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, கடைத் தராசில் வைத்தோம். 12 சரியாக இருந்தது. 10 கொஞ்சம் குறைவு, ஆனால் ஏற்றுக்கொள்ளலாம். 8 மட்டும் 350 கிராம். 10 மி.மீ. வரையிலான கம்பிக்கு 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்கிறது கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786. இது 11 சதவீதத்துக்கு மேல் குறைவு. எட்டு என்று விற்ற ஏழரைக் கம்பி.

எட்டு எம்எம் கம்பியில்தான் தூணுக்கும் பீமுக்கும் ரிங் வளைக்கிறார்கள், தளத்தில் குறுக்குக் கம்பியும் அதுதான். மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு தராசைக் காட்டினேன். கூட்டத்தில் வைத்துக் காட்டியிருந்தால் சண்டையாகியிருக்கும். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "நான் எண்ணி வாங்குற ஆளு, எடைபோட்டா வாங்குறேன்? கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது எனக்கு அவசியமில்லை. ஓவர்சியருக்கும் சொன்னேன். லோடு திரும்பிப் போய் வேறு லோடு வந்தது. எம்-புக்கில், அதாவது பில்லுக்கான அளவுப் புத்தகத்தில், கம்பியை நீளத்தில் அளந்து, தரநிலை எடையால் பெருக்கித்தான் எழுதுவார்கள். அதாவது 350 கிராம் கம்பியைப் போட்டாலும் பில்லில் 395 கிராமுக்குக் காசு வரும். லாபம் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது, டெண்டர் விலையில் தெரியாது.

தளம் போட்ட நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வராந்தாவையும் சேர்த்து ஏறக்குறைய 1,225 சதுர அடி தளம், ஐந்து அங்குலக் கனம். பீமோடு சேர்த்தால் கான்கிரீட் 18 கன மீட்டர் வரும். எம்20 கலவைக்கு, அதாவது சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்றால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் எட்டு மூட்டை சிமெண்ட். மொத்தம் 144 மூட்டை. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காலிச் சாக்கை யாரும் தூக்கிப் போகக் கூடாது என்று தலைவி இரண்டு பெற்றோரைக் குத்தவைத்துவிட்டார். சாக்குக்கு மவுசு அதிகம், சித்தாள்கள் கேட்பார்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னோம். நேரமும் ஒரு சாட்சிதான். ஒரு மூட்டை மிக்சரில் 144 ஓட்டம், ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த அளவுத் தளம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

சட்டிக் கணக்கு அடுத்த தொல்லை. ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர் கொள்ளளவு. எம்-சாண்டும் (கல்லை அரைத்த மணல்) ஜல்லியும் அதே அளவையில் போக வேண்டும். ஆனால் சட்டியில் கூம்பாக அள்ளினால் ஒரு அளவு, தலை தட்டி அள்ளினால் ஒரு அளவு. மத்தியானம் கை சோர்ந்தால் வேறு அளவு. அதனால் முந்தின நாளே ஆசாரியிடம் 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்தில் அடியில்லாத மரப்பெட்டி ஒன்று செய்து வைத்தோம். சரியாக 35 லிட்டர். மூட்டைக்கு எம்-சாண்டு ஒன்றரைப் பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி. முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பத்து ஓட்டத்துக்குப் பிறகு பழகிவிட்டது. ஓவர்சியர் அந்தப் பெட்டியை அடுத்த சைட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார், இன்னும் திரும்பி வரவில்லை.

தண்ணீரில்தான் சண்டை. மூட்டைக்கு 25 லிட்டர் என்று வாளியில் கோடு போட்டு வைத்திருந்தோம். மேலே பரப்புகிறவர்களுக்குக் கலவை கஞ்சி மாதிரி ஓடினால் சுலபம். கீழே பார்த்து "தண்ணி விடு, தண்ணி விடு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்திருக்கும். இரண்டாவது வைப்ரேட்டரை வாடகைக்கு எடுக்கச் சொல்லி ஒப்பந்ததாரரிடம் போனில் மல்லுக்கட்டி, பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு கத்தல் அடங்கியது. அந்தத் தண்ணீரும் பள்ளி போர்வெல் தண்ணீர் இல்லை. எங்கள் ஊர் போரில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456. வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீரை வைத்து வாதாட வேண்டியதில்லை. டிராக்டர் டேங்கில் நல்ல தண்ணீர் கொண்டுவரச் செய்தோம்.

18 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 கணக்குப்படி மூன்று சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப் (உடைத்து வலுப் பார்க்க அச்சில் போடும் கான்கிரீட் கட்டை), ஆக ஒன்பது. ஏழாம் நாள் ஒரு நோட்டம் பார்க்கக் கூடுதலாக மூன்று. கியூப் போடுவதில் ஒரு வழக்கம் உண்டு, பல சைட்டில் பார்த்திருக்கிறேன். காலையில் முதல் ஓட்டத்தில், எல்லோரும் ஒழுங்காக இருக்கும்போது, மொத்தக் கியூபையும் போட்டுவிடுவார்கள். நாங்கள் காலையில் ஒரு செட், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, கடைசி மணி நேரத்தில் ஒன்று என்று பிரித்துப் போடச் சொன்னோம். ஓவர்சியர் அச்சின் மேல் தேதியோடு நேரத்தையும் கீறினார். 28 நாள் கழித்து பாலிடெக்னிக் லேபில் உடைத்தபோது எல்லாமே எம்20 கலவைக்கு வேண்டிய, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனைத் தாண்டின. சாயங்கால செட்தான் குறைவு, ஆனால் பாஸ். சாக்கு 141 வந்தது. மூன்று சாக்கு காற்றில் போயிருக்கலாம், இல்லை நம் அளவில் கொஞ்சம் ஏறக்குறைய இருக்கலாம். இந்த வித்தியாசத்துக்கு யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. 110 வந்திருந்தால் அது வேறு கதை.

கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, எஸ்டிமேட்டில் ஒப்பந்ததாரருடைய வேலை. நடைமுறையில் தளம் போட்டதும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். டேங்க் தண்ணீருக்கு அவர் காசு, காலையிலும் மாலையிலும் பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பெற்றோர். சித்திரை வெயிலில் பாத்தி ஒரே நாளில் காய்ந்துவிடும்.

மாடியில் தட்டோடு பதிப்பதுதான் மறைவேலைகளிலேயே அதிகம் ஏமாறும் இடம் என்று நினைக்கிறேன். மழைக்கு ஒழுகாமல் இருக்கத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் ஓடு பதிப்பது நம் ஊர் பொதுப்பணித் துறையின் பழைய முறை. 32 கன அடி செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரை கன அடி நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. முன்பெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். எஸ்டிமேட்டில் சராசரி 75 மி.மீ. கனம் என்று இருந்தது. "சராசரி" என்பதுதான் கவனிக்க வேண்டியது. தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும், அதனால் நடுவில் 100, மழைநீர்க் குழாய் பக்கத்தில் 50. கொத்தனார் எங்கும் இரண்டு அங்குலமாகப் பரப்பி, ஓட்டுக்குக் கீழே போடும் சாந்தில் வாட்டம் எடுத்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் இரண்டரை கன மீட்டர் கலவை மிச்சம், மாடியில் தண்ணீர் நிற்கும்.

ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கைப்பிடிச் சுவரில் மட்டம் குறித்து, ஐந்து அடிக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் நோட்டில் எழுதி, கூட்டி வகுத்தால் சராசரி வந்துவிடும். கொத்தனாருக்கும் அது வசதி, மட்டக்கோலைப் புள்ளிக்குப் புள்ளி இழுத்தால் போதும். ஓடு பதித்து முடிந்ததும் குழாய் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் கட்டினோம். மறுநாள் கீழே சீலிங்கில் ஈரம் இல்லை. துணியை எடுத்ததும் தண்ணீர் முழுக்க வடிந்தது, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு நின்றது. அங்கே நாலைந்து ஓட்டைப் பெயர்த்துத் திரும்பப் பதித்தார்கள்.

கதவு, ஜன்னல், வயரிங் எல்லாம் பெரிய தகராறு இல்லாமல் போனது. சாய்தளம் மட்டும் தகராறு. தரைமட்டம் தெருவிலிருந்து இரண்டு அடி உயரம். 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். இடம் இல்லை என்று 14 அடியில் முடிக்கப் பார்த்தார்கள். எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அம்மா குழு உறுப்பினர். காலியாக இருந்த சிமெண்ட் வண்டியைத் தள்ளிக் காட்டி, "இதையே ஏத்த முடியல, எம்புள்ளைய எப்பிடி ஏத்துவேன்?" என்றார். நடுவில் ஒரு மேடை விட்டுத் திருப்பி, சுவரோடு ஒட்டி 24 அடியையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

நாங்களே வாங்கிச் செய்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறு விதமான கொள்முதல். பள்ளியில் மிச்சமிருந்த பழைய கட்டடம் சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் கட்டியது. அந்தத் திட்டத்தில் ஒப்பந்ததாரரே கூடாது. கிராமக் கல்விக் குழுவே கணக்குத் தொடங்கி, செங்கல் வாங்கி, கொத்தனார் வைத்துக் கட்ட வேண்டும். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் சூளைக்கும் சிமெண்ட் கடைக்கும் அலைந்து கட்டிய கட்டடம் அது. இன்றும் தளத்தில் விரிசல் இல்லை, மாடி ஓடு மட்டும் போய் ஒழுகியது. இடைத்தரகர் லாபம் இல்லாமல் முழுப் பணமும் கட்டடத்தில் இறங்கியது உண்மைதான். அந்த இரண்டு வருடம் அவர் எத்தனை நாள் பாடம் நடத்தினார் என்று அப்போது அங்கே படித்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆசிரியரை மேஸ்திரியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. சிறிய பழுதுபார்ப்பைக் குழு எடுத்துச் செய்யலாம். தூண், தளம் என்று வந்தால் டெண்டர்தான் சரி, கூடவே யாராவது நின்று பார்க்க வேண்டும்.

பழைய மாடி ஒழுகலுக்குப் பள்ளி மானியத்தைத் தொட்டோம். சமக்ர சிக்ஷா மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 31 முதல் 100 பேர் வரை என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். இந்தப் பணத்தில் மாடி முழுக்க மாற்ற முடியாது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் ஆடிட்டில் சிரிப்பார்கள் என்பதால், வேலையின் அளவை நாங்களே ஒரு தாளில் எழுதி மூன்று பேரிடமும் அதே தாளைக் கொடுத்தோம். விலையை மட்டும் அவர்கள் நிரப்பினார்கள். இப்படிச் செய்யாவிட்டால் ஒருவர் ஓட்டைப் பெயர்த்துச் செய்வதற்கும், இன்னொருவர் மேலே பெயிண்ட் அடிப்பதற்கும் விலை சொல்வார். எது குறைவு என்று ஒப்பிடவே முடியாது. குழாய் வாயைச் சுற்றிய பகுதியை மட்டும் பெயர்த்துப் பதித்ததில் ஒழுகல் நின்றது. பணம் காசோலையாகத்தான் கொடுத்தோம், பில்லைத் தீர்மானப் புத்தகத்தோடு கட்டி வைத்தாயிற்று.

புதுக் கட்டடத்தின் இறுதி அளவு எடுக்க உதவி செயற்பொறியாளர் வந்தபோது எங்களையும் இருக்கச் சொன்னார். எம்-புக் என்பது நீள நோட்டு. நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை, பெருக்கல், அவ்வளவுதான். எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். உதவி செயற்பொறியாளர் டேப்பைப் பிடித்து அறையின் உள்ளளவை எடுத்தார், வராந்தாவை எடுத்தார், தளக் கனத்தை சன்ஷேடுக்கு மேலே விளிம்பில் பார்த்தார். தட்டோட்டுக் கலவைக்கு வந்ததும் எம்-புக்கில் சராசரி 80 மி.மீ. என்று இருந்தது. நான் புள்ளி நோட்டை நீட்டினேன். கூட்டி வகுத்தால் 74. அவர் ஓவர்சியரைப் பார்த்தார், ஓவர்சியர் கொத்தனாரைப் பார்த்தார். கடைசியில் 75 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு நான் மல்லுக்கு நிற்கவில்லை.

சாவி வாங்கும் முன் குழுவைக் கூட்டி, நிலுவையை எழுதித் தீர்மானம் போட்டோம். சாய்தளத்துக் கைப்பிடி வெல்டிங் பாக்கி, இரண்டாவது அறையில் ஒரு ஜன்னல் கொக்கி பாக்கி, வேலை விவரப் பலகையில் தொகையும் முடிந்த தேதியும் எழுதவில்லை. உத்தரவாதக் காலம் முடியும் தேதியையும் அதில் சேர்த்து, நிறுத்திவைத்த தொகையைத் தரும் முன் குழுவை அழைத்துச் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கொக்கி வந்துவிட்டது, பலகையும் எழுதியாயிற்று. கைப்பிடிக்கு வெல்டர் வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்ததாகப் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு எஸ்டிமேட் போட ஓவர்சியர் அளவெடுத்துப் போயிருக்கிறார். இந்த முறை குழி எத்தனை அடி என்று அவரே முதலில் கேட்டார்.